கார்பன் சமநிலை முறுக்கும் குணாளனின் கையெழுத்தும்

என் அப்பா குணாளன் பூமியைக் காப்பாற்ற முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காரணம் பூமி அல்ல. அவருடைய வலது தோள்பட்டை.

இதை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரோடு கூட்டுச் சேர்ந்திருக்க மாட்டேன். ஏமாந்தேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். விவரம் போதாமல் ஒரு முடிவுக்கு வந்தேன், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு.

ஸ்கூடாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில், வரிசை வீடு. சமையலறைக்குப் பின்னால் தகரம் இறக்கிய இடத்தில் அம்மா முறுக்கு சுடுவார். ஆரம்பத்தில் தீபாவளிக்கு மட்டும். பிறகு சிங்கப்பூர்க் கடை ஒன்று ருசி பார்த்தது. அன்றிலிருந்து வாரம் நாற்பது கிலோ. பிசைவது அம்மா, சுடுவது அம்மா. பிழிவது அப்பா. செவ்வாயும் வியாழனும் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மர அச்சைக் கையில் எடுப்பார். அவர் விடுகிற பெருமூச்சில் அடுப்பே ஒருமுறை அணைந்திருக்கிறது.

"மிஷின் வாங்கலாமே, பிரேமா?" என்பார்.

"வாங்கலாமே," என்பார் அம்மா. ஆறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர்க் கடையிலிருந்து அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. பன்னிரண்டு பக்கம். வரும் தீபாவளி முதல் 'கார்பன் சமநிலை' முத்திரை வாங்கிய பலகாரங்களுக்குத்தான் முன் அலமாரி. முத்திரை இல்லாதவை பின்னால், பூனைத் தீனிக்குப் பக்கத்தில்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பூனைத் தீனிக்குப் பக்கத்துலயா? என் முறுக்கா? முன்னுக்கு வச்சா அனுப்புவேன். இல்லன்னா சிங்கப்பூரே வேணாம். வீட்டுக்கு ரெண்டு கிலோ சுட்டுக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

அப்பாவின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை. 'ரெண்டு கிலோ' மட்டும் விழுந்தது. நாற்பதில் இரண்டு போனால் முப்பத்தெட்டு கிலோ விடுதலை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பிறந்த அன்று எடுத்த படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"லோஷி, பச்சை எலை ஸ்டிக்கர் நம்ம பிரிண்டர்லயே அடிக்கலாம்தானே?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

நான் வெடித்தேன்.

வெடிக்காமல் என்ன செய்வது? நான் சுற்றுச்சூழல் பொறியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் பல்கலைக்கழகக் கண்டீனில் ஒரு தண்ணீர்ப் போத்தல் விற்கிறார்கள். மேலே பச்சை இலை. கீழே 'கார்பன் சமநிலை'. எதை அளந்தார்கள்? போத்தலையா, தண்ணீரையா, அதைத் தூக்கி வந்த லோரியையா? எந்த வருடத்தோடு ஒப்பிட்டார்கள்? யார் சரிபார்த்தது? ஒரு வரி இல்லை. நான் அந்த நிறுவனத்துக்கு ஏழு பக்கம் கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிக்கும் மூஞ்சி வந்தது. அந்த மூஞ்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"ம்மா! அது ஸ்டிக்கர் இல்ல, தரநிலை! மொதல்ல எல்லை போடணும். எது எது நம்ம வியாபாரம், எது இல்லன்னு. அப்புறம் போன வருஷம் எவ்வளவு புகை விட்டோம்னு கணக்கு. அப்புறம் அதைக் குறைக்கணும். இந்தப் படிவத்துல போட்டிருக்கு பாருங்க, நாப்பது விழுக்காடு. சும்மா மரம் நட்டேன்னு காசைக் கட்டிட்டு தப்பிக்க முடியாது. மொதல்ல குறைப்பு. மிச்சத்துக்குத்தான் ஈடு. கடைசியா, சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர் சரிபாத்து ஒப்பம் போடணும்."

"நாப்பது விழுக்காடா?" என்றார் அம்மா. "அடுப்புல நாப்பது குறைச்சா முறுக்கு வேகாதே. வெளிய சிவந்து உள்ள மாவா நிக்கும்."

"அதாவது," என்றார் அப்பா மிக மெதுவாக, மிக இனிமையாக, "முடியவே முடியாதுங்கிறே?"

"கஷ்டம்தான்ப்பா."

அப்பா எழுந்து நின்றார். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தர மேற்பார்வையாளர். பதினெட்டு வருடமாக அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதே வேலை.

"லோஷி, நீ சொல்றது நியாயம். தரம்னா தரம். நம்ம வீட்டுலேர்ந்து ஒரு பொய் முத்திரை வெளிய போகக்கூடாது. நான் உன் பக்கம்."

என் வாழ்க்கையில் அப்பா என் பக்கம் என்று சொன்னது அதுதான் முதல் முறை. நீங்களே சொல்லுங்கள், கண் கலங்காதா? கலங்கியது. கலங்கிய கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன்.

மறுநாளே அளவெடுப்பு ஆரம்பமானது. தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் பாதுகாப்பு மேலங்கி வந்தது. கிளிப்போர்டு வந்தது. தலைக்கவசமும் வந்தது. முறுக்குச் சட்டிக்கு முன்னால் தலைக்கவசத்தோடு நின்ற முதல் மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

"கேஸ் தோம்பு மாசத்துக்கு எத்தனை?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே தூக்கிட்டு வர்றீங்க."

"ஆடிட்ல கேள்வி கேட்டா பதில் மட்டும்தான் சொல்லணும்."

"ரெண்டு."

"எண்ணெய்?"

"சட்டியில இருக்கு. எட்டிப் பாத்துக்குங்க. தொப்பி விழுந்துறப் போகுது."

அப்பா எதையும் விடவில்லை. விளக்கு, காற்றாடி, பாத்திரம் கழுவும் தண்ணீர். மாவு சலிக்கும்போது அம்மா தும்முவார், அதை எழுதினார். பிறகு அம்மாவின் மூச்சுக்கு வந்தார்.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுறே?"

"ப்பா, மூச்சுக் காத்து கணக்குல வராது. சாப்பிட்ட சாப்பாட்டுலேர்ந்து வர்றது. இயற்கைச் சுழற்சி."

"பேசும்போது கூடுதலா விடுறாளே?"

"அதுவும் வராது!"

அப்பா வருத்தத்தோடு அந்த வரியை அடித்தார். அம்மா மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "லோஷி, வாசல்ல மாமரம் இருக்கே. பத்து வருஷமா நிக்குது. அதை ஈடா காட்ட முடியாதா?"

"முடியாதும்மா! அது ஏற்கெனவே இருக்கு. இந்தத் திட்டம் இல்லன்னாலும் அது அங்கதான் நின்னிருக்கும். இந்தத் திட்டத்தாலதான் நடந்ததுன்னு காட்ட முடியணும். தானா நடக்கிறது எதுவும் செல்லாது. இதுல உலகம் பூரா மோசடி பண்றாங்க!"

"ஓ," என்றார் அம்மா. "தானா நடக்கிறது செல்லாது. அடிச்சுப் பிடிச்சு நடக்கிறதுதான் செல்லும்."

"அப்படிச் சொல்லலாம்."

அம்மா தலையாட்டினார். அவர் தலையாட்டுவது எதையோ எடுத்து உள்ளே பத்திரமாக வைப்பது போல இருக்கும். அதை அன்று நான் கவனிக்கவில்லை. அப்பாவாவது கவனித்திருக்கலாம். இருபத்து நான்கு வருட அனுபவஸ்தர்.

இரண்டாம் நாள் கூட்டிப் பார்த்தோம். அடுப்பு, மாவு, எண்ணெய், மின்சாரம் எல்லாம் சேர்த்தும் தொகை அப்பாவுக்குப் போதவில்லை. அவருக்கு ஒரு மலை வேண்டும். யாரும் ஏற முடியாத மலை. கிளிப்போர்டைத் தட்டிக்கொண்டே யோசித்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"காடி!"

"காடியா?"

"மாவு வாங்கப் போற காடி! அது வியாபாரம் இல்லையா? சனிக்கிழமை சனிக்கிழமை பண்டார் தெங்காரா போறேனே, சும்மாவா போறேன்?"

உண்மைதான். ஆறு வருடமாகச் சனிக்கிழமை காலையில் அப்பா மாவு வாங்கப் போவார். பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மில் இருக்கிறதாம். அங்கே கல்லில் அரைத்த மாவுதான் முறுக்குக்கு மொறுமொறுப்பாம். காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவார். கல் மெதுவாக அரைக்குமாம்.

"போக வர நூத்தி இருவது கிலோமீட்டர்," என்றார் அப்பா கண் மின்ன. "வருஷத்துக்கு நாப்பத்தாறு சனிக்கிழமை. பெருக்கிப் பாரு!"

பெருக்கினேன். எங்கள் பழைய காருக்கு அது ஒரு டன்னைத் தாண்டியது. முறுக்கின் மொத்தப் புகையில் நாற்பத்தொரு விழுக்காடு அந்தக் காடிக்குள் இருந்தது. நான் பூரித்துப் போனேன். எத்தனை நிறுவனங்கள் போக்குவரத்தை மறைக்கின்றன! என் அப்பா தானாக முன்வந்து சொல்கிறார்! ஒவ்வொரு சனிக்கிழமையும் தேதி, ஊர், தூரம், நோக்கம் என்று நான்கு பத்தி போட்டு எழுதினார். நாற்பத்தாறு வரி. நோக்கம் என்ற பத்தியில் நாற்பத்தாறு முறை 'மாவு'. ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து.

உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

சரிபார்க்க ஆள் வேண்டுமே. அம்மாவே யோசனை சொன்னார்: பக்கத்து வீட்டு செல்லப்பாக்கியம் ஆன்ட்டி. அரசாங்கக் கணக்காய்வில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அலுவலகத்தில் நாற்காலி ஒன்று குறைகிறதென்று, அங்கிருந்த மேலதிகாரியை நிற்கவைத்தே மூன்று நாள் கணக்குக் கேட்டவர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அவர் வீட்டுப் பூனைகூட வரிசையில் வந்துதான் சாப்பிடும்.

அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அந்தம்மா எதையும் பாஸ் பண்ணாது லா," என்று என்னிடம் கிசுகிசுத்தார். 'பாஸ் பண்ணாது' என்பதில் அவருக்கு என்ன சந்தோஷம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நேர்மையான மனிதர் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை ஆன்ட்டி வந்தார். கண்ணாடி, சிவப்புப் பேனா, அடிக்கோல். முறுக்கு நீட்டினோம். தொடவில்லை.

"முதல்ல கணக்கு. பிறகு முறுக்கு. இப்ப சாப்பிட்டால் நான் சுயாதீனமான ஆள் இல்லை."

நான் மனதுக்குள் எழுந்து நின்று கை தட்டினேன்.

ஆன்ட்டி பக்கம் பக்கமாகப் புரட்டினார். காடிக் கணக்கில் வந்து நின்றார்.

"இந்தக் கார் ஆருடையது?"

"என்னோடது," என்றார் அப்பா.

"வியாபாரம்?"

"என்னோடது," என்றார் அம்மா.

"அப்ப இது எல்லைக்கு வெளியில எல்லோ. ஆரோ ஒருத்தற்ற கார் எங்கயோ ஓடுது. முறுக்கு ஏன் பொறுப்பெடுக்க வேணும்?"

அப்பாவின் மலை ஆட்டம் கண்டது. அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் தரநிலையைப் பிரித்தேன். எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே.

"ஆன்ட்டி, சொந்தம் யாருதுங்கிறது முக்கியமில்ல. செயல்பாட்டுக் கட்டுப்பாடு யார் கையிலங்கிறதுதான் முக்கியம். யார் சொல்லி ஓடுது, யார் சொன்னா நிக்கும். அது அம்மா கையில இருந்தா எல்லைக்குள்ள."

ஆன்ட்டி அப்பா பக்கம் திரும்பினார்.

"குணாளன், நீங்களும் உங்கட காரும் பிரேமாவின் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு உள்ளயோ, வெளியிலயோ?"

எந்த ஆண்பிள்ளையும் இந்தக் கேள்விக்கு மார்தட்டி 'வெளியே' என்பான். அப்பா மார்தட்டினார்.

"உள்ள! முழுக்க உள்ள!"

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க என்ன இருக்கு? அவ போன்னா போவேன். நில்லுன்னா நிப்பேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். தாமான்ல யாரை வேணா கேளுங்க!"

"எழுத்தில தருவியளோ?"

"பேனா குடுங்க!"

அம்மா ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதுவே எங்களுக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாட்சி வேண்டுமென்றார் ஆன்ட்டி. ஒரு நேர்மையான ஆவணத்துக்குச் சாட்சியாவதில் எனக்குப் பெருமை. நானும் போட்டேன். படித்தேனா? முக்கால்வாசி படித்தேன். வெளிப்படைத்தன்மையைப் பற்றிய உணர்ச்சியில் கடைசி வரி மங்கலாகத் தெரிந்தது.

"சரி. அடிப்படைக் கணக்கு முடிஞ்சுது," என்றார் ஆன்ட்டி. "இனிக் குறைப்பு. நாற்பது விழுக்காடு எங்கயிருந்து வரும்?"

அப்பா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மலை ஏறி உச்சியில் உட்கார்ந்தவர் மாதிரி. "கஷ்டம்தான் போல. என்ன பண்றது பிரேமா, முயற்சி பண்ணோம். பூனைத் தீனியும் ஒரு தீனிதானே."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"குறைப்பு ஒன்னே ஒன்னுதான் ஆன்ட்டி. சனிக்கிழமை மாவுப் பயணம் ரத்து. மாவு இனிமே நம்ம தாமான் முனையில ஐயாசாமி அண்ணன் கடையில. நடந்தே போயி வாங்கிக்கலாம். நாப்பத்தொன்னு."

அப்பா நீட்டிய காலை மடக்கினார்.

"அலமாக்! பிரேமா, அந்த மில் மாவு இல்லன்னா ருசி போயிரும்! சிங்கப்பூர்க்காரன் காறித் துப்புவான்!"

"ருசி எங்கயும் போகாது. ஆறு வருஷமா நீங்க கொண்டு வர்றதே ஐயாசாமி அண்ணன் கடை மாவுதான்."

ஆன்ட்டியின் சிவப்புப் பேனா நின்றது.

"சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு முனைக் கடையில மாவு வாங்குறது. வேற பையில மாத்துறது. காடியில வச்சிக்கிட்டு பண்டார் தெங்காராவுல காசு கட்டி மீன் பிடிக்கிற குளத்துக்குப் போறது. சாயங்காலம் வரைக்கும் தூண்டில் போடறது. அப்புறம் அந்த மாவ திருப்பிக் கொண்டாந்து மில் மாவுன்னு எங்கிட்ட குடுக்கிறது. பாவம், மாவு. இருக்கிற இடத்துலேர்ந்து வீட்டுக்கு வர நூத்தி இருவது கிலோமீட்டர் சுத்திப் பாத்துட்டு வருது. அது பாத்த ஊர நான் பாத்ததில்ல."

"ஒனக்கு... எப்படி..."

"மாவு வாங்கப் போன மனுசன் சட்டையில எதுக்குங்க தீலாப்பியா மீன் வாடை? ஒருதடவை பைக்கு அடியில மண்புழு டப்பாவும் சேந்து வந்துச்சு. மில்லுல இனாமா குடுத்தாங்களா?"

"தெரிஞ்சும் ஆறு வருஷம் ஏன் சொல்லலே?"

"வச்சிருந்தேன்," என்றார் அம்மா. "என்னைக்காவது உதவும்னு."

அப்பா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"ஆன்ட்டி! அப்படின்னா அது மாவுப் பயணமே இல்ல! என் சொந்த விசயம்! அந்தக் கணக்க நீக்கிடுங்க!"

ஆன்ட்டி நாற்பத்தாறு வரியையும் ஒவ்வொன்றாக அடிக்கோலால் தொட்டுக் காட்டினார்.

"நோக்கம், மாவு. கையெழுத்து, குணாளன். நோக்கம், மாவு. கையெழுத்து, குணாளன். நாற்பத்தாறு தரம் ஒரு தர மேற்பார்வையாளர் பொய்க்கணக்கு எழுதினவர் எண்டு நான் குறிப்பெழுதவோ? வேலை இடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பவோ?"

"வேணாம், வேணாம்."

"மாவு காருக்குள்ள இருந்ததோ, இல்லையோ?"

அப்பாவின் குரல் குளத்தடியிலிருந்து வந்தது. "இருந்துச்சு."

"அப்ப மாவுப் பயணம்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! "ஆன்ட்டி, இது அடிப்படை ஆண்டை ஊதிக் காட்டுறது! பெரிய பெரிய நிறுவனங்க பண்ற மோசடி! முதல்ல கணக்கைப் பெருசாக்கிட்டு, அப்புறம் குறைச்சேன்னு..."

"பிள்ளை, புகை வந்ததோ?"

"வந்தது."

"இனி வருமோ?"

"வராது."

"பிறகென்ன மோசடி? ஊதினவர் கொப்பர். குறைக்கிறவ கொம்மா."

நான் வாதாடிப் பழகியவள். விவாத மேடையில் மூன்று கோப்பை வாங்கியவள். தரநிலையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் ஒண்டு," என்றார் ஆன்ட்டி. "இந்தக் குறைப்பு திட்டத்தால வந்ததோ, தன்பாட்டில வந்திருக்குமோ? வயது போகுது. மனுசன் மீன்பிடியைத் தானாகவே விட்டிருந்தால், அது செல்லாது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். மிக மென்மையாகக் கேட்டார்.

"ஏங்க, நீங்களே நெனைச்சிருந்தீங்களா, இந்த வருஷத்தோட விட்டுறலாம்னு?"

அப்பா கொதித்துப் போனார். "நானா? விடறதா? ஜென்மத்துக்கும் விட மாட்டேன்! கை கால் விழுந்தாலும் தூக்கிட்டுப் போயி கொளத்துல ஒக்கார வைங்கன்னு சொல்லுவேன்! வெட்டிப் போட்டாலும் நானா விட மாட்டேன்!"

ஆன்ட்டி 'கூடுதல் தன்மை: ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி, பெரிய சிவப்புச் சரி போட்டார். பிறகுதான் முறுக்கை எடுத்தார். கடித்தார்.

"நல்ல மொறுமொறுப்பு," என்றார். "மில் மாவோ?"

மிச்ச ஐம்பத்தொன்பது விழுக்காட்டுக்கு, கடைக்காரர்கள் அனுப்பிய பட்டியலிலிருந்த ஒரு சதுப்புநிலக் காட்டுத் திட்டத்தில் ஈடு வாங்கினோம். அதன் பதிவு எண்ணை நான் நான்கு முறை சரிபார்த்தேன். அதிலாவது யாரும் மீன் பிடிக்கப் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மூன்றே வாரத்தில் முத்திரை வந்தது. முறுக்கு முன் அலமாரிக்குப் போனது. வாரம் நாற்பது கிலோ அறுபது கிலோ ஆனது.

ஒரு வியாழக்கிழமை, ஐம்பதாவது கிலோவில் அப்பா அச்சைக் கீழே வைத்தார்.

"பிரேமா. மீனும் போச்சு. தோளும் போச்சு. மிஷினாவது வாங்கித் தாயேன்."

"நானும் அதத்தான் நெனைச்சேன்," என்றார் அம்மா. குரலில் உண்மையான இரக்கம். "இந்தத் தடவை நெசமாவே. படம்கூட பாத்து வச்சிட்டேன். லோஷி, கணக்குப் போட்டுச் சொல்லு, மிஷின் வாங்கினா என்ன ஆகும்?"

போட்டேன். இரண்டு முறை போட்டேன். அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் புகையில் சேரும். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது புள்ளி ஏழாக இறங்கியது.

"லோஷி," என்றார் அப்பா தழதழத்து. "புள்ளி மூணுதானேம்மா. கண்ண மூடிக்கிட்டு நாப்பதுன்னு போடேன். அப்பாவுக்காக."

நீங்களே சொல்லுங்கள். தரநிலை என்றால் தரநிலைதானே? இன்று அப்பாவுக்குப் புள்ளி மூன்று, நாளை தண்ணீர்ப் போத்தலுக்கு முழு நாற்பது. முடியாது என்றேன்.

"பாவம்ங்க, கணக்கு விட மாட்டேங்குது," என்றார் அம்மா. அச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார். புதுப் பாக்கெட்டில் ஒரு வரியும் சேர்ந்தது: 'மின்சாரம் இன்றி, கையால் பிழிந்தது.' பக்கத்தில் ஒரு கையின் படம். மயிரைப் பார்த்தாலே அப்பாவுடையது என்று தெரியும்.

ஆனால் அப்பா அன்று உடைந்து போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பிழியும்போது தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் படிவத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு கட்டம். 'ஆண்டுதோறும் மேலும் ஐந்து விழுக்காடு குறைப்போம். விரும்பினால் மட்டும்.' அதில் சரி போட்டிருந்தது நான். 'விரும்பினால் மட்டும்' என்பதே ஒரு ஓட்டை என்று கோபப்பட்டு, யாரையும் கேட்காமல் போட்டிருந்தேன்.

"நல்ல காரியம் பண்ணினே மவளே," என்றார் அப்பா, கண்ணில் பழைய வெளிச்சத்தோடு. "அடுத்த வருஷம் இன்னும் அஞ்சு. எதைக் குறைப்பா? காடி போச்சு. அடுப்பக் குறைக்க முடியாது. முத்திரை போயிரும். முறுக்கு பூனைத் தீனி. ரெண்டு கிலோ! ஒரு வருஷம், லோஷி. ஒரே ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டுப் பிழிஞ்சிருவேன்."

கதவோரத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள்.

"அடுத்த வருஷத் திட்டம் எழுதிட்டேங்க. ஆன்ட்டியும் பாத்துட்டாங்க. அஞ்சு விழுக்காடு சரியா வருது."

அப்பாவும் நானும் ஒன்றாகக் குனிந்தோம். ஒரே வரி. 'லோஷினி அறை ஏர்கோன்: நிறுத்தம்.'

"ம்மா! என் ரூமுக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"போன வருஷம் மழையில மாவு நமத்துப் போகாம எங்க வச்சோம்? ஒன் ரூம்ல. ராத்திரி பகலா ஏர்கோன் ஓடுச்சு. நீயே 'மாவு சேமிப்பு அறை'ன்னு கணக்குல எழுதி வச்சே. ஒன்னையும் விடக்கூடாதுன்னு."

எழுதியிருந்தேன். முழுமைக்காக.

"அது ரூம்! நான் வேற! நான் ஒரு தனி மனுஷி! நான் ஒன்னும் உங்க செயல்பாட்டுக் கட்டுப்பாட்டுல இல்ல! அப்பா ஒத்துக்கிட்டாருன்னா அது அவரோட தலையெழுத்து. எனக்கு இருபத்தோரு வயசாச்சு, எனக்குன்னு உரிமை இருக்கு, என்னைக் கேக்காம யாரும் என்னை எந்த எல்லைக்குள்ளயும் சேர்க்க முடியாது!"

என் வாழ்க்கையில் நான் செய்த வாதங்களிலேயே சிறந்தது அதுதான். அப்பா கைகூடத் தட்டினார்.

அம்மா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அப்பாவின் பழைய உறுதிமொழியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். அன்று எனக்கு மங்கலாகத் தெரிந்த அதே வரி. 'பிரேமாவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை: குணாளனாகிய நானும், என் காரும், என் மகளும்.'

கீழே, அழகான கையெழுத்தில்: சாட்சி, லோஷினி.